தண்ணீர் குடிக்கிற வீடு

விஜயகுமாரிக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. அதில் சரிபாதி, இருபத்தாறு வருடம், தொழுநோய் கண்டவர்களின் வீட்டுப் படியேறி இறங்கியே போயிற்று. செங்கல்பட்டில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். அதில் சமூகப் பணியாளர். என்ன வேலை என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோய் இருப்பவரைக் கண்டுபிடிக்கவேண்டும், மாத்திரையைப் பாதியில் விடாமல் சாப்பிட வைக்கவேண்டும், அதுவரை ஊர் அவரைப் பிய்த்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். முதல் இரண்டையும் எப்பாடு பட்டாவது செய்துவிடுவாள். மூன்றாவதில்தான் பிராணன் போகும்.

நோயை அவள் குறை சொன்னதே இல்லை. அது சொன்ன பேச்சைக் கேட்கிற நோய். மாத்திரை உள்ளே போன கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆளுக்குத் தகுந்தபடி ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ விடாமல் சாப்பிட்டால் ஆளை விட்டே போய்விடும். மாத்திரைக்குக் காசும் கிடையாது. இதையெல்லாம் படம் போட்டு, பெரிய எழுத்தில் போஸ்டர் அடித்து, பசை தடவித் தெருத்தெருவாக அவளே ஒட்டியிருக்கிறாள். மறுவாரம் போய்ப் பார்த்தால் அதன்மேல் டியூஷன் சென்டர்காரன் நோட்டீஸ் ஒட்டியிருப்பான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஊரைச் சொல்வானேன், அவள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் ஜெயகிருஷ்ணன் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மாலையில்தான் வருவார். நல்ல மனிதர், சண்டை சச்சரவு தெரியாதவர். இத்தனை வருடத்தில் மனைவியின் வேலை என்னவென்று கம்பெனி பஸ்ஸில் ஒருவரிடம்கூடச் சொன்னதில்லை. மகள் மதுவந்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, "சம்பந்தியம்மா எங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார்கள். "ஹெல்த் சைடுல" என்று சொல்லிவிட்டு பஜ்ஜித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார் ஜெயகிருஷ்ணன். விஜயகுமாரியும் அதைத் திருத்தவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பஜ்ஜித் தட்டை மட்டும் அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளி வீட்டிலிருந்து ஒரு வாய் தண்ணீராவது வாங்கிக் குடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்துத் தெருவில் அம்பி என்று ஒருவர் இருந்தார். கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கை விரல்கள் மடங்க ஆரம்பித்ததும் யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு வெயில் நாளில், மாத்திரையைக் கொடுத்துவிட்டு எழுந்தவளிடம் ஒரு டம்ளர் மோரை நீட்டினார். விஜயகுமாரிக்குத் தெரியாதது இல்லை. மூன்று மாதப் பயிற்சி முடித்து, பரீட்சையும் எழுதியிருந்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"வேணாம் மாமா. ஜலதோஷம்."

"அதுக்கென்ன, பரவாயில்லை" என்று டம்ளரைத் தட்டுப் போட்டு மூடி வைத்தார் அம்பி. முகத்தில் கோபமே இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் என்பதுபோல இருந்தார். அந்த முகம் அவளை ஒரு மாதம் விடவில்லை. அடுத்த மாதம் போனதும் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, மோர் இருக்கா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜலதோஷம் போயிடுத்தா?" என்று கேட்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. மோரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அம்பி போய்ச் சேர்ந்து வருடம் பல ஆகிவிட்டது. அந்த வழக்கம் மட்டும் அவளிடம் நிலைத்துவிட்டது.

இன்னொரு வழக்கம் அவளுடைய தொழில் சாமர்த்தியம். ஒரு தெருவில் ஒரு நோயாளி இருந்தால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது. போனால் தெருவே கண்டுகொள்ளும். அதனால் அந்தப் பக்கம் பத்து வீடு, இந்தப் பக்கம் பத்து வீடு என்று எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவாள். "தோல் பரிசோதனைம்மா, தேமல் கீமல் எதுனா இருக்கா?" என்று கையைப் புரட்டிப் பார்ப்பாள், முதுகைப் பார்ப்பாள், இரண்டு நிமிடத்தில் அடுத்த வீடு. நடுவில் ஒரு வீட்டில் மாத்திரை கைமாறும். யாருக்கும் தெரியாது. பையில் நிறுவனத்தின் பெயர் கிடையாது, ஸ்கூட்டரில் ஸ்டிக்கர் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் ஒரு வீட்டைக்கூட ஊருக்குக் காட்டிக்கொடுத்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படித்தான் போன வருடம் ஆடி மாதம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், பண்டகசாலைத் தெருவுக்குப் போனாள். காலை ஏழு மணி. நாஷ்டாவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தபோது ஒரு வீட்டு வாசலில் ஏனமும் கையுமாகப் பத்துப் பேர் நின்றார்கள். சைதூன் என்கிற பெண் இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயதிருக்கும். கணவன் நூர்முகமது மாமல்லபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் காலை ஆகாரம் சைதூன் கையால்தான்.

கொதிக்கிற பானையிலிருந்து தட்டைப் பிடிதுணி இல்லாமல் எடுத்தாள். உள்ளங்கை ஓரம் ஆவியில் வெந்தது. முகம் சுளிக்கவில்லை. சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் உடைந்து கிடந்தது.

"சுடலியாம்மா?" என்றாள் விஜயகுமாரி.

"பழகிப் போச்சுக்கா."

சூடு தெரியாத கை என்றால் என்னவென்று விஜயகுமாரிக்குத் தெரியும். கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள். பிறகு உள்ளே கூட்டிப்போய்க் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் அந்தச் சுண்டுவிரலை மெல்லத் தொட்டாள். "தொட்டா சொல்லு."

"நீங்க இன்னும் தொடவே இல்லியேக்கா" என்றாள் சைதூன். விஜயகுமாரி அப்போது நான்காவது முறையாகத் தொட்டுவிட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். பன்னிரண்டு மாத மாத்திரை. சைதூன் முதல் இரண்டு வாரம் அழுதாள். அப்புறம், "இந்தக் கை போச்சின்னா வேவாரம் போச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினாள். மாதம் ஒரு தடவை விஜயகுமாரி எதிரில் உட்கார்ந்து அந்த மாதத்து முதல் வேளையை விழுங்கவேண்டும் என்பது முறை. மாத்திரையால் மேனி கறுத்தது. "அடுப்புச் சூடுக்கா" என்று கேட்டவர்களிடம் சமாளித்தாள். கொப்புளம் ஆறியது, மடங்கப் பார்த்த சுண்டுவிரல் நிமிர்ந்துகொண்டு வந்தது. விஜயகுமாரி மாதாமாதம் இருபது வீடு ஏறி இறங்கி, அந்த வீட்டில் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்காருவாள். சைதூன் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கொடுப்பாள். விஜயகுமாரிக்கு அந்தத் தண்ணீர் பிடித்துப்போயிற்று.

பத்தாவது மாதம் போனபோது கதவு திறக்கவில்லை. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. தட்டினாள். மிக்ஸி நின்றது. கதவு திறக்கவில்லை. வாசலில் ஏனத்தோடு நிற்கிற கூட்டமும் இல்லை.

நாலு வீடு தள்ளி எல்லம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயில் பூட்டுப் போடத் தெரியாத மனுஷி. விஜயகுமாரியைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தாள்.

"இன்னா மேடம், தெறக்கலியா? எப்டித் தெறப்பா? அந்தப் பொண்ணு வேவாரமே படுத்துக்கிச்சி. எவளும் வாங்க வர்றதில்ல."

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஏன்னு நீ கேக்குறியா? அவுளுக்கு அந்த வியாதி கீதுன்னு தெரு பூரா தெர்யும்."

விஜயகுமாரி சைதூன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் சொன்ன." எல்லம்மாள் ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இருவது வூட்டுக்கு வர்ற. என் வூட்ல டீ குடிம்மான்னா, நேரமில்லன்ற. அந்தாண்ட வூட்ல மோர் குடுத்தா வேணாம்ன்ற. அவ வூட்ல மட்டும் மாசாமாசம் ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போற. மேலத் தெருவுல ஒரு கெழவனுக்கு இந்த வியாதி இருந்திச்சே, அவன் வூட்லயும் இதே மாரிதான் குடிச்சிகினு இருந்த. மேடம் தண்ணி குடிக்கிற வூடுதான் வியாதி வூடுன்னு இங்க எல்லாருக்கும் தெர்யும். ஒனக்குத்தான் தெர்ல."

விஜயகுமாரி அங்கேயே நின்றாள். எத்தனை தெரு, எத்தனை வீடு! அத்தனை வீட்டு வாசலிலும் அவளே பெயர்ப்பலகை மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் பிரியமாக, மனசு நிறைந்து. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லம்மாள்மேல் கோபப்படவும் வழியில்லை. அவள் உள்ளதைச் சொன்னவள்.

அன்று மாலை சைதூனே போன் செய்தாள்.

"அக்கா, இனிமே வராதீங்க. மாத்திர வேணாம். எனக்கு நல்லாதான் கீது."

"சைதூன், இன்னும் மூணே மாசம். இப்ப நிறுத்தினா நோய் திரும்பலாம். விரலும் போகலாம்மா."

"வெரல் இருந்து இன்னா பண்றது? மாவு பெசஞ்சா வாங்க ஆளு வேணாமா?"

பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். "மொகத்த மூடி கோஷா போட்டுகினு வந்தாக்கூட நடைய வெச்சிக் கண்டுபுடிச்சிருவாங்க" என்றாள் சைதூன். ஆஸ்பத்திரிக்கு வா என்றாள். அதற்கும் அதே பதில். சைதூன் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்து விஜயகுமாரி ஒரு முடிவுக்கு வந்தாள். தண்ணீர் குடித்துக் கெட்ட பெயரைத் தண்ணீர் குடித்தே மாற்றிவிடுவது. தெருவில் எல்லா வீட்டிலும் வாங்கிக் குடித்துவிட்டால் எந்த வீடு என்று எவளால் சொல்ல முடியும்? சாமர்த்தியம்தான். அந்தச் சாமர்த்தியம் மூன்று வீடு தாங்கியது. முதல் மூன்று வீட்டிலும் யோசிக்காமல் சொம்பை நீட்டிவிட்டார்கள். நான்காவது வீட்டுக்குள் அவள் போவதற்குள் செய்தி போய்விட்டது.

"தண்ணியா? வரலியே மேடம். ரெண்டு நாளா லாரி வரல." சொன்னவளுக்குப் பின்னால் முற்றத்தில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டில் குடம் காலி. அதற்கடுத்த வீட்டில் மோட்டார் ரிப்பேர். அப்புறம் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. பாக்கி வீடுகளில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் எல்லம்மாள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லம்மாள் கேட்காமலே சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். "குடி. எனக்கு இன்னா போவுது, மீனு வேணும்னா வந்துதானே ஆவணும்." விஜயகுமாரி குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "இப்டி எல்லார் வூட்லயும் குடிச்சின்னா, தெருவுக்கே வியாதின்னு சொல்லுவாளுங்க. இந்த வேலையெல்லாம் வோணாம். அவ வூட்டு வாசல்ல நாலு பேரு பாக்க நின்னு, தண்ணி வேணாம்னு சொல்லு. அவ்ளோதான். சரியாப் பூடும்."

"நான் வேணாம்னு சொல்லணுமா?"

"நீதான சொல்லணும். நீ குடிச்சதாலதான வந்திச்சி."

விஜயகுமாரிக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போல வந்தது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று சண்டை போட அங்கே ஆளில்லை. அன்று சாயங்காலமே சைதூனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்டிப் பண்ணா வருவாங்களாக்கா, வாங்குறதுக்கு?"

"தெரியலம்மா. பண்ணிப் பார்க்கலாம். ஆனா மாத்திரையை விழுங்கணும். அது என் கண்டிஷன்."

"சரிக்கா" என்றாள் சைதூன்.

மறுநாள் காலை எட்டரை மணி, குழாயடியில் பெண்கள் நிறைந்திருந்த நேரம். விஜயகுமாரி வழக்கம்போல வரிசையாக வந்து சைதூன் வீட்டு வாசலில் நின்றாள். பேசி வைத்தபடி சைதூன் டம்ளரோடு வெளியே வந்தாள். நீட்டினாள்.

"வேணாம்மா" என்றாள் விஜயகுமாரி, குழாயடிக்குக் கேட்கிற மாதிரி. "இந்தத் தண்ணி எனக்கு ஒத்துக்கறதில்ல. வேணாம்."

வேணாம் என்று சொல்வது மட்டும்தான் பேசி வைத்தது. ஒத்துக்கறதில்லை என்பது அவள் வாயில் தானாக வந்தது. அம்பியிடம் ஜலதோஷம் வந்ததே, அதே மாதிரி. சைதூனின் கை டம்ளரோடு அப்படியே கொஞ்ச நேரம் நீண்டிருந்தது. நடிப்புதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் சைதூன் தலை குனிந்துகொண்டாள்.

"தோல்ல ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு. எண்ணெய் மட்டும் தேய்ச்சுக்கோ" என்று உரக்கச் சொன்னபடி, பரிசோதனை அட்டையின் அடியில் வைத்து மாத்திரை அட்டையை நகர்த்தினாள் விஜயகுமாரி. சைதூன் உள்ளே போய்ச் சுவரோரம் நின்று, விஜயகுமாரி வேண்டாம் என்ற அதே தண்ணீரில் மாத்திரைகளை விழுங்கினாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டு விஜயகுமாரி அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அங்கே சுத்தமாக ஆரோக்கியமான ஒரு குடும்பம் எங்கே தண்ணீர் கேட்டுவிடுவாளோ என்று அவளைக் கண்டு மிரண்டு நின்றது.

எல்லம்மாள் சொன்னது பலித்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மருத்துவர் எழுதிய சீட்டு, படம் போட்ட போஸ்டர், இருபத்தாறு வருடத் தொண்டைத் தண்ணீர், எதுவும் செய்யாததை அவளுடைய ஒரு 'வேணாம்' செய்துவிட்டது. பத்து நாளில் இரண்டு வீடு இடியாப்பம் வாங்க வந்தது. ஒரு மாதத்தில் வாசலில் பழைய கூட்டம். பதினோராவது மாதமும் விஜயகுமாரி வாசலில் நின்று தண்ணீரை மறுத்தாள். இந்தத் தடவை குழாயடியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் மாதாந்திரக் கூட்டத்தில், பண்டகசாலைத் தெருவில் எதிர்ப்பை எப்படிச் சமாளித்தீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார்கள். விஜயகுமாரி எழுந்து நின்றாள். என்ன சொல்வாள்? "விழிப்புணர்வுதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆடி பிறந்து பன்னிரண்டாவது அட்டையும் முடிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிகிச்சை முடிந்தது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சுண்டுவிரலில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் விரல் நேராக நின்றது. சூடான தட்டுக்குப் பிடிதுணி கட்டாயம் என்று சைதூனே இப்போது சொல்கிறாள். சீட்டைக் கொடுக்க விஜயகுமாரி போனபோது உச்சி வேளை, தெருவில் நடமாட்டமில்லை. சைதூன் சீட்டை இரண்டு தடவை படித்து மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

"முடிஞ்சுது" என்றாள் விஜயகுமாரி. மூன்று மாதத் தாகம் அவளுக்கு. பயம் விட்டுப்போன சந்தோஷத்தில் கேட்டுவிட்டாள். "இப்பவாவது ஒரு டம்ளர் தண்ணி குடு."

சைதூன் டம்ளரை எடுக்கப் போனாள். பாதியில் நின்றாள். வாசலைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"அக்கா, கோச்சிக்காதீங்க" என்றாள். "நீங்க இங்க குடிச்சா, மறுபடியும் ஆரம்பிச்சிரும்."

"சரிதாம்மா" என்று எழுந்தாள் விஜயகுமாரி. கோபம் இல்லை. கோபம் வராததுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"இருங்க. ஒங்க பாட்டிலக் குடுங்க." சைதூன் காலி பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது பாட்டில் துப்பட்டாவுக்குள் இருந்தது. அப்படியே மறைத்து விஜயகுமாரியின் பைக்குள் இறக்கினாள். "தெருமுன தாண்டிக் குடிங்க" என்றாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பினாள் விஜயகுமாரி. தெருமுனையில் அவள் ஒட்டிய போஸ்டர், டியூஷன் நோட்டீஸுக்கு அடியில், பாதி தெரிந்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் இருந்தார்கள், அங்கேயும் நிற்கவில்லை. மாமல்லபுரம் சாலைக்கு வந்து, சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்திப் பாட்டிலை எடுத்தாள். சீரக வாசனை அடித்தது. வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் குடித்தாள்.